மூர்த்தியின் மடி

ஜனவரி 19, ஞாயிறு

இந்த டைரி என் மகன் மூர்த்திக்கு வந்தது. ஜெராக்ஸ் பேப்பர் போடுகிறவர் வருடாவருடம் கொடுப்பார். "ஒனக்குத்தான்... வேல இல்லயே" என்று என்னிடம் தள்ளிவிட்டான். சத்துணவு அமைப்பாளர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றதிலிருந்து இந்த வீட்டில் எல்லோருக்கும் என்மேல் ஓர் இளக்காரம். எழுத ஒன்றும் இல்லாமல் கிடந்த டைரிக்கு இன்றுதான் சேதி வந்தது.

மகள் ஈஸ்வரி போன் செய்தாள். பேத்தி ஆதிரைக்குப் பிப்ரவரி பதினாறாம் தேதி காதுகுத்து. சாத்தூர்ப் பக்கம் அவள் மாமனார் வீட்டுக் குலதெய்வம் அய்யனார் கோயிலில். மொட்டை திருச்செந்தூரில் ஏற்கெனவே போட்டாயிற்று. இது காது மட்டும்தான்.

"அம்மா, அத்த ஒண்ணு கேட்டாக. நீ கோவப்படாமக் கேளு."

கோபப்படாமல் கேள் என்று யாராவது சொன்னால் எனக்கு அப்போதே வந்துவிடும்.

"மடியில யாரு வச்சுக்கிடுவாகன்னு கேக்காக."

"ஒனக்கு எத்தன அண்ணன் இருக்கான்?"

"ஒருத்தந்தான்."

"பெறகு என்ன கேள்வி?"

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். யாரும் பார்த்துக் கொடுக்கிற உரிமை இல்லை அது. தங்கச்சி பிறந்த அன்றே அண்ணனுக்குச் சேர்ந்து வந்துவிடுவது.

மூர்த்திக்கு முப்பத்தொரு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நடப்பான், சாய்ந்து சாய்ந்து. பேசுவான், நின்று நின்று. காத்திருந்து கேட்பவர்களுக்கு எல்லாம் புரியும், காத்திருக்காதவர்களிடம் பேச அவனுக்கும் ஒன்றும் இல்லை. முன்னறையில் ஜெராக்ஸ் மெஷினை இடது கையாலேயே ஓட்டுகிறான். வலது கைதான் அவன் சொல்பேச்சு கேட்காது. திடீரென்று சத்தம் கேட்டால் அதுபாட்டுக்கு விசிறி எழும்பும்.

ஈஸ்வரி கல்யாணத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு தட்டு விழுந்தது. கல்யாண வீட்டில் தட்டு விழாதா?

ஜனவரி 20

மூர்த்தியிடம் சொன்னேன். முகம் முழுக்கச் சிரித்தான். பட்டா நகல் எடுக்க வந்த ஒரு பெரியவரிடம், "என் மருமகளுக்கு... காது குத்து" என்று சொல்லி முடிக்கும்வரை பேப்பரைக் கொடுக்கவில்லை. அவரும் பாவம், கேட்டுவிட்டு, "அப்ப நீரு தாய்மாமன்லா!" என்றார்.

சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்து, "அம்மா... வேண்டாம்" என்றான்.

"எது?"

"மடி."

கூச்சம். பெரிய கூட்டம் என்றால் அவனுக்குக் கூச்சம் வரும். சரியாகிவிடும்.

ஜனவரி 22

சீர் வைக்கத் தாம்பாளங்களைப் பரணிலிருந்து இறக்கினோம். ஒன்றோடொன்று உரசாமல் நடுவே பழைய வேட்டியை மடித்து வைத்துத்தான் இறக்கினோம். இந்த வீட்டில் எல்லாம் அப்படித்தான்.

ஜனவரி 25, சனி

சம்பந்தி கோமதி மதினி பத்திரிகை கொண்டுவந்தார்கள். வெற்றிலை பாக்கு, பூ, பழம், எல்லாம் முறைப்படி. பத்திரிகையை மூர்த்தி கையில்தான் முதலில் கொடுத்தார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

தாய்மாமன் என்று போட்டு அவன் பெயரைக் 'கழுகாசலமூர்த்தி' என்று முழுசாக அச்சடித்திருந்தார்கள். கழுகுமலை முருகன் பெயர். அதை அச்சில் பார்த்ததும் எனக்கு நெஞ்சு விம்மியது. அந்தச் சமயம் பார்த்து மதினி ஆரம்பித்தார்கள்.

"தப்பா எடுத்துக்கிடாதீக மதினி. பேரு மூர்த்தி பேருதான். மால, மருவாத எல்லாம் மூர்த்திக்குத்தான். மடியில மட்டும் சங்கிலிராசு வச்சுக்கிடட்டுமே. அதுவும் ஈஸ்வரிக்குப் பெரியப்பா மகன்தான? மூர்த்தி பக்கத்துல நிக்கட்டும்."

"அப்ப பேர மடியில வச்சுக் காது குத்துவீகளா மதினி?"

மதினி முகம் சிவந்துவிட்டது. இவர், என் வீட்டுக்காரர், உள்ளே தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் நழுவினார். ஒன்றியத்து ஜீப் ஓட்டிய மனுஷன், எந்த முக்கில் ஒதுங்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும்.

"ஊசி வைக்கிற எடம் மதினி," என்றார்கள் கோமதி மதினி மெதுவாக. "கை பட்டுட்டா பிள்ளைக்கு என்ன ஆகும்? நாளைக்கு மூர்த்தி மனசுதான் என்ன பாடுபடும்? நான் அதச் சொல்லுதேன்."

"என் மகன் கையப் பத்தி எனக்குத் தெரியும். அவன் மடியிலதான் காது குத்து. இல்லன்னா சீர்த்தட்டு இந்த வாசலத் தாண்டாது."

போகும்போது மூர்த்தி எழுந்து வாசல்வரை போய் வழியனுப்பினான். "பத்திரிக... நல்லாருக்கு அத்த" என்றான். அவனுக்கு இருக்கிற பண்பு எனக்குக் கிடையாது. எங்கிருந்து வந்தது என்றும் தெரியவில்லை, இவருக்கும் கிடையாது.

ஜனவரி 27

பயிற்சி தொடங்கிவிட்டேன்.

ஆதிரை என்ன எடை என்று ஈஸ்வரியிடம் கேட்டு அதே எடைக்கு அரிசியைப் பையில் கட்டினேன். சத்துணவு மையத்தில் இத்தனை வருடம் அரிசி நிறுத்தவள் நான். பைக்கு ஆதிரையின் பழைய சட்டை ஒன்றை மாட்டினேன். மூர்த்தி விழுந்து விழுந்து சிரித்தான். "மூக்கு... எங்க?" என்றான். பேனாவால் மூக்கும் வரைந்தேன்.

மணைப்பலகையில் உட்காரவைத்து, பையை மடியில் கொடுத்து, நானே ஆசாரி மாதிரி எதிரே உட்கார்ந்து, கண்மைப் பென்சிலால் பையின் இரண்டு பக்கமும் குத்தினேன். இவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரிசிக்குக் காது குத்தி எந்த வீட்டுக்குக் கட்டிக் குடுக்கப் போற?"

"ஒங்க சோலியப் பாருங்க."

மூர்த்தி கை அசையவில்லை. எழுதி வைக்கிறேன்: அசையவே இல்லை.

ஜனவரி 29

தை அமாவாசை. விரதச் சமையல். பயிற்சி காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. இரண்டும் நன்று.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிற பெண் முருங்கைக்கீரை கேட்டு வந்தவள், "நீங்க குக்கர் வைக்க மாட்டீகளா அக்கா?" என்றாள். உலைவைத்து வடித்தால்தான் சோறு ருசி என்றேன். அதுவும் உண்மைதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தட்டு தட்டுகிற சத்தத்திலேயே காது அடைத்துப்போய் வருவேன். வாசல்படி ஏறினால் ஒரு கரண்டியைக்கூட ஓசைப்படாமல் வைப்பேன். கதவுகளுக்கு ரப்பர் ஒட்டியிருக்கிறது. அழைப்பு மணி கிடையாது. எங்கள் தெருவில் வாண வெடிகூட முக்குத் தாண்டிப் போய்த்தான் விடுவார்கள். ஒரு தடவை சொன்னேன், அவ்வளவுதான். நான் சொன்ன விதம் அப்படி.

பிப்ரவரி 1, சனி

ஜவுளி எடுக்கப் போனோம். ஆதிரைக்குப் பட்டுப்பாவாடை. மூர்த்திக்கு வேட்டி, வெண்பட்டுச் சட்டை. "அரக்கை" என்று சொல்லிவிட்டான். முழுக்கைதான் எடுப்பாக இருக்கும் என்று நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

கடைக்காரர் இவருக்குப் பழக்கம். விசேஷம் என்றதும் இவர் வாய் திறந்துகொண்டது. "இவ ஊருல பொங்கலுக்குப் போயிருந்தேன் அண்ணாச்சி. கோயில்ல அத்தன பொம்பளைக குலவ போடுதாக. அதுல ஒரு சத்தம் மட்டும் தனியா ஏறிப் போவுது. யாருடா இதுன்னு தேடிப் போயித்தான் இவளக் கட்டுனேன். ஆளப் பாக்கல, சத்தத்தக் கேட்டேன்."

கடையே சிரித்தது. "அதெல்லாம் அந்தக் காலம், இப்பத் தொண்ட போயிருச்சு" என்று பேச்சை முடித்தேன். மூர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் குலவை போட்டு அவன் கேட்டதில்லை. தொண்டை போய்விட்டது, அதனால்தான்.

பிப்ரவரி 2

சட்டைக்குப் பொத்தான் மாற்றினேன். அவனுக்கு ஒற்றைக் கையால் போட வசதியாக ஒட்டுப்பட்டி வைத்துத் தைத்தேன்.

பிப்ரவரி 4

இன்று பையை மடியில் வைத்துக்கொண்டே ஒரு தினசரியை முழுசாகப் படித்து முடித்தான் என் மகன். கல்லில் அடித்த சாமி மாதிரி உட்கார்ந்திருந்தான். கோமதி மதினி வந்து பார்த்திருக்க வேண்டும். ஊரே வந்து பார்த்திருக்க வேண்டும். இவரைப் படம் எடுக்கச் சொன்னேன். வழக்கம்போல இவருடைய விரல்தான் பாதிப் படம்.

பையை இறக்கி வைத்தபிறகு, "அம்மா... சங்கிலி அண்ணன்... வச்சுக்கிடட்டும்" என்றான்.

"யாரு சொல்லிக்குடுத்தா ஒனக்கு? அப்பாவா?"

"யாரும்... இல்ல."

"நாளைக்கு ஆதிரை பெரியவளாகி என் தாய்மாமன் என்னைய மடியில வச்சாரான்னு கேப்பா. என்ன சொல்லுவ?"

இவர் சாப்பிடும்போது, "அவன் எதுக்கு வேண்டாங்கான்னு ஒரு வார்த்த கேட்டியா?" என்றார். கேட்க என்ன இருக்கிறது? பயம்தான். பயத்தைக் கேட்டுக் கேட்டு வளர்க்க நான் ஆளில்லை.

பிப்ரவரி 8, சனி

ஈஸ்வரி குழந்தையோடு வந்துவிட்டாள். காதுகுத்துவரை இங்கேதான். வீடு நிறைந்துவிட்டது. தொட்டில் கட்டியது, வெந்நீர் போட்டது, சீருக்கு அதிரசம் சுட்டது, முதுகு விட்டுப்போயிற்று.

மத்தியானம் ஆதிரையை உண்மையாகவே மூர்த்தி மடியில் வைத்தோம். நாங்கள் மூன்று பேரும் மூச்சுக்கூட விடவில்லை. அவள் அவன் மூக்கைப் பிடித்து இழுத்தாள், சட்டையை வாயில் வைத்தாள், எச்சில் ஒழுக மோவாயைக் கடித்தாள். அவன் அப்படியே இருந்தான். வலது கை அவள் முதுகில் பட்டும் படாமலும் கிடந்தது. ஈஸ்வரி அழுதுவிட்டாள். எனக்கும்தான். இதற்குமேல் என்ன வேண்டும்?

அப்போது மூர்த்தி, "ஈசு... அங்க எல்லாரும்... குலவ போடுவாகல்ல?" என்று கேட்டான்.

ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். சோறு ஆறுகிறது என்று எல்லோரையும் எழுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலைப் பயிற்சி. முன்னறையில் மணையில் மூர்த்தி, மடியில் அரிசிப் பை. கழுகுமலைக்குப் போகிற பால்குடம் எப்போதும் பெரிய ரோட்டோடு போய்விடும். இந்த வருடம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பதால் எங்கள் தெருவுக்குள் திருப்பிவிட்டார்கள். நேர் எதிரே இருக்கிற வேப்பமரத்தடியில் குடங்களை இறக்கிவைத்தார்கள். திரும்பத் தூக்கும்போது பெண்கள் எல்லோரும் சேர்ந்து குலவை போட்டார்கள்.

மூர்த்தியின் கை எழும்பிய வேகத்தில் பை பறந்துபோய் நிலைக்கதவில் அடித்து வாய் பிரிந்துவிட்டது. அறை முழுக்க அரிசி. வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஈஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். குழந்தை சிரித்தது. விளையாட்டு என்று நினைத்துவிட்டது போல.

தரையில் கிடந்த ஆதிரையின் பழைய சட்டையை ஈஸ்வரி பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"இதுக்குத்தாம்மா... வேண்டாம்னேன்" என்றான் மூர்த்தி. கோபம் இல்லை அவன் குரலில். சொல்லிச் சொல்லிப் பார்த்துக் களைத்துப்போன குரல். "மொத நாளே... நெனச்சேன். குலவ... போடுவாக."

முப்பத்தொரு வருடமாக இந்த வீட்டை ஓசைப்படாமல் நடத்திப் பழகிவிட்டோம். வெளியே உலகம் சத்தம் போடும் என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று. பையின் எடை பார்த்தேன், மூக்கு வரைந்தேன், ஊசிக்குப் பென்சில் பிடித்தேன். ஊசி ஏறுகிற நொடியில் குலவை போடுவார்கள் என்பது, குலவைக்குப் பேர்போன எனக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்ற நான் விடவில்லை.

ஈஸ்வரி கல்யாணத்தில் தட்டு விழவில்லை. பறந்தது. கெட்டிமேளம் கொட்டியதும் மூர்த்தி கை பட்டு, ஆரத்தி மாப்பிள்ளை சட்டை முழுக்க. கோமதி மதினி தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "மங்கலந்தான், நல்லதுதான்" என்று சிரித்துச் சமாளித்தார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

நானும் இவரும் உட்கார்ந்து அரிசியைப் பொறுக்கினோம்.

பிப்ரவரி 12

கோமதி மதினிக்கு நானே போன் செய்தேன். எனக்கு அது எத்தனை கசப்பு என்று யாரும் கேட்க வேண்டாம்.

"மதினி, மேளம் வேண்டாம், குலவ வேண்டாம். காது குத்துற நேரம் மட்டும் எல்லாரும் சத்தம் காட்டாம இருந்தா மூர்த்தி கல்லு மாதிரி இருப்பான்."

"மேளத்த நிப்பாட்டிறலாம். குலவ... சாமி முன்னால... சரி மதினி. பொம்பளைககிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார்கள்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாகிவிட்டன. மூர்த்தியிடம் ஜெயித்துவிட்டு வந்த மாதிரி சொன்னேன்.

அவன் மெஷினை நிறுத்தினான். பேச ஆரம்பித்தான். இவ்வளவு நீளமாக அவன் பேசியே நாளாகிவிட்டது. நான் காத்திருந்து கேட்டேன்.

"ஆதிரைக்கு... மொதக் காரியம். குலவ இல்லாம... என்னம்மா காதுகுத்து? எழவு வீடா? எனக்காக... அவ காரியம்... ஊமையா நடக்கக் கூடாது. குலவ... போடணும்."

"அப்ப நீ எப்படி..."

"என் கையக் கட்டு."

விளங்காத மாதிரி பார்த்தேன். விளங்கிவிட்டது.

"துண்டு வச்சு... நெஞ்சோட சேத்துக் கட்டு. எனக்குத் தெரியும். கட்டுனா... எந்திரிக்காது."

முடியாது என்றேன். அந்த ஒரு சொல்தான் வந்தது. மூர்த்தியை ஆறு வயதில் ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்வந்தேன். ஒருநாள் முன்னதாகவே கூப்பிடப் போனால், பிள்ளை நாற்காலியில் இருக்கிறான், வலது கையைப் பழைய சேலைக் கிழிசலால் நாற்காலிக் கையோடு கட்டிவைத்திருந்தாள் அங்கிருந்த ஆயா. சாப்பாட்டுத் தட்டைத் தட்டிவிடுகிறானாம். அன்று தூக்கிக்கொண்டு வந்தவள்தான். இனி என் உயிர் இருக்கும்வரை என் பிள்ளை கையை ஒருத்தி கட்டக் கூடாது என்று நினைத்தேன். அந்த ஒருத்தி நானாக இருக்கவா?

பிப்ரவரி 13

கட்ட மாட்டேன்.

பிப்ரவரி 14

வீட்டில் நானும் மூர்த்தியும் பேசவில்லை. பணியாரத்துக்கு மாவு ஆட்டினேன். சீர்த்தட்டுகளுக்கு வளையல், பொம்மை, பழம் எல்லாம் பிரித்து அடுக்கினேன். ஆசாரியிடம் கம்மல் வாங்கி வந்தார் இவர். மூர்த்தி தேர்ந்தெடுத்தது, சின்ன மயில். கையில் வைத்துப் பார்த்தால் அரிசிமணிதான், ஆனால் தோகைகூடத் தெரிகிறது. அவன் சம்பாத்தியத்தில் மாமன் சீர்.

வேட்டியைத் தேய்த்துக்கொண்டே இவர் சொன்னார், "செம்பகம், அந்த ஆயா அவனக் கேக்காமக் கட்டுனா. இப்பக் கட்டச் சொல்லுதது அவன்லா."

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். இந்த மனுஷன் வருடத்துக்கு ஒருமுறை வாயைத் திறக்கிறார், அன்றைக்குப் பார்த்து நெஞ்சில் குத்துகிறார்.

பிப்ரவரி 15

வேன் சொல்லியாயிற்று. தட்டுகள் தயார். நாளை விடியக்காலை கிளம்ப வேண்டும். மூர்த்தி சங்கிலிராஜுக்குப் போன் போட்டு, "அண்ணே... வேட்டி கட்டிட்டு வா... எதுக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கேட்காத மாதிரி இருந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

திரும்பி வந்து, கால்கூடக் கழுவாமல் இதை எழுதுகிறேன்.

கோயில் ஒரு கம்மாய்க் கரையில் இருக்கிறது. சுற்றிக் கருவேலமரம், நடுவில் பெரிய ஆலமரம், அய்யனார் அதன் நிழலில். நாங்கள் சீர்த்தட்டோடு இறங்கியதும் மருமகன் ஓடிவந்து மூர்த்தி கையைப் பிடித்து இறக்கினார். மூர்த்திதான் முதல் தட்டைத் தூக்கினான், இடது கையில், இடுப்பில் முட்டுக் கொடுத்து. சாய்ந்து சாய்ந்து நடந்தாலும் தட்டு சாயவில்லை. நான் பின்னால் வந்தேன். அந்த நடையை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தாய்மாமனுக்கு உருமா கட்டுவது அவர்கள் வழக்கம். பட்டுத் துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றி மாலை போட்டு மரியாதை செய்வார்கள். சம்பந்தி, கோமதி மதினி வீட்டுக்காரர், மூர்த்தியை மணையில் உட்காரவைத்து மாலை போட்டு, பச்சைக்கரைப் பட்டை அவன் தலையில் சுற்றிக் கட்டினார். சின்ன ராஜா மாதிரி இருந்தான். சின்ன என்ன, ராஜாதான்.

சங்கிலிராஜ் புது வேட்டியோடு ஓரமாக நின்றான். ஆசாரி ஊசியையும் தங்கக் கம்பியையும் பன்னீரில் நனைத்தார். ஈஸ்வரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இரு ஈசு" என்றான் மூர்த்தி.

இடது கையைத் தூக்கி, தலையிலிருந்த உருமாவை அவனே இழுத்தான். சம்பந்தி பதறி, "ஏ மூர்த்தி, அவுக்காதப்பா" என்றார். அவன் இழுத்து அவிழ்த்து, பட்டு மொத்தத்தையும் கையில் சுருட்டி, என் பக்கம் நீட்டினான்.

"கட்டும்மா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்றும் விளங்காமல் பார்த்தார்கள். அவன் மட்டும் விளங்கிப் பார்த்தான்.

அவன் முகத்தில் கெஞ்சல் இல்லை, அழுகை இல்லை. ஜெராக்ஸ் கடையில், "ரெண்டு பக்கமா... ஒரு பக்கமா?" என்று கேட்கிற அதே முகம். என்ன வேண்டும் என்று தெரிந்த ஒரு மனுஷனுடைய முகம். நாற்காலியில் கட்டிக்கிடந்த பிள்ளையை இத்தனை வருடமாக நான்தான் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இவன் எப்போதோ இறங்கிவிட்டான்.

துண்டை வாங்கினேன். அவன் வலது கையை மடக்கி நெஞ்சோடு வைத்தேன். ஒரு சுற்று, முதுகுப் பக்கமாக இன்னொரு சுற்று. எத்தனையோ சாக்குகளுக்கு வாய் கட்டியவள் நான், இந்த ஒரு முடிச்சு விழ மாட்டேன் என்றது. பின்னாலிருந்து ஒரு கை வந்து துண்டின் மறுமுனையைப் பிடித்தது.

"நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க முடிச்சுப் போடுங்க மதினி" என்றார்கள் கோமதி மதினி.

"இன்னும்... இறுக்கு" என்றான் மூர்த்தி.

இறுக்கினேன்.

ஆதிரையை மடியில் வைத்தார்கள். அவள் அந்தப் பட்டுக்கட்டில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். நான் மூர்த்திக்குப் பின்னால் மண்டிபோட்டு, என் இடது கையை முடிச்சின் மேல் வைத்துக்கொண்டேன். ஆசாரி காதைப் பிடித்தார்.

ஒரு சத்தம் இல்லை. மேளக்காரர்கள் தவிலைத் தரையில் வைத்துவிட்டு நின்றார்கள். பெண்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். மதினி சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆலமரத்தில் காக்கை கத்துவதுகூடக் கேட்டது. அந்த அமைதி எனக்கே பிடிக்கவில்லை.

மூர்த்தி தலையைத் திருப்பி, "நீ போடும்மா" என்றான்.

"நானா?"

"அப்பா சொன்னாகல்ல... தனியா ஏறிப் போவும்னு."

என் தொண்டை போகவில்லை. அவன் பிறந்த வருடம் பொங்கலுக்கு எங்கள் ஊர்க் கோயிலில் குலவை போட்டேன். மடியில் கிடந்த பச்சைப்பிள்ளை கையும் காலும் விறைத்து, மூச்சுப் பிடித்து, நீலம் பாரித்துவிட்டது. அன்றோடு நிறுத்தினேன். ஈஸ்வரி கல்யாணத்தில்கூட வாயைத் திறக்கவில்லை.

வலது கையை வாயருகே கொண்டுபோனேன். போட்டேன்.

முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு எங்கிருந்தோ அது ஏறிக்கொண்டது. தனியாகப் போயிற்று. ஒரு நொடி. பிறகு கோமதி மதினி சேர்ந்துகொண்டார்கள், அப்புறம் அத்தனை பெண்களும். கம்மாய்க்கு அந்தக் கரையில் கேட்டிருக்கும். ஆசாரி ஊசியை ஏற்றினார்.

துண்டுக்குள் அவன் கை துள்ளியது. சாக்குக்குள் கோழி துள்ளுகிற மாதிரி, மறுபடி மறுபடி. என் உள்ளங்கைக்கு மட்டும் தெரிந்தது. வெளியே ஒரு மயிரிழை அசையவில்லை. ஆதிரை ஊசிக்குத்தான் வீறிட்டாள். மூர்த்தி குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னான். வியர்த்துக் கொட்டியது அவனுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். அடுத்த காதுக்கும் குலவை போட்டோம். நான் இன்னும் ஓங்கிப் போட்டேன்.

என் பேத்திக்குத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். மயில் கம்மல் போட்டார்கள். ஆடிக்கொண்டிருக்கிறது.

துண்டை அவிழ்த்ததும் சம்பந்தி அதை வாங்கி, உதறி, கசங்கின சுருக்கத்தோடு மூர்த்தி தலையில் மறுபடியும் கட்டினார். சாப்பாட்டுப் பந்தியில் சங்கிலிராஜ் அவனுக்கு இலை போட்டு, "நான் வேட்டி எடுத்த காசு வீண்டா தம்பி" என்றான். இவர் ஆலமரத்துக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். தூசி என்றார்.

பிப்ரவரி 17

தொண்டை கட்டிவிட்டது. ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஏக சந்தோஷம்.

மூர்த்தி சுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தான். டம்ளரைத் தரையில் ணங்கென்று வைத்தான். நான் திடுக்கிட்டேன். அவன் சிரித்தான்.

ஆதார் நகல் எடுக்க வந்த பால்காரர் நான் சைகையில் பேசுவதைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று மூர்த்தியிடம் கேட்டார். அவன் மெஷின் மூடியைத் திறந்து, பேப்பரை வைத்து, மூடி, நிதானமாக நிமிர்ந்தான். அவரும் காத்திருந்தார்.

"எங்கம்மா... குலவ போட்டா," என்றான். "ஊரே... கேட்டுச்சு."